உட்காரச் சொன்ன வீடும் தொடவிடாத வீடும்

ஆகஸ்ட் 7, வியாழன் - டூங்காபி

வந்து இறங்கியதிலிருந்து குளிர். ஆகஸ்ட் இங்கே குளிர்காலத்தின் கடைசி மாதம் என்று தெரிந்துதான் ஸ்வெட்டர் எடுத்து வந்தேன். ஆனால் வெளியே போவதைவிட வீட்டுக்குள் உட்காருவதற்குத்தான் அது தேவைப்படும் என்று யாரும் சொல்லவில்லை. சிட்னி வீடுகள் வெயிலை நினைத்துக் கட்டினவை போலிருக்கிறது. காலையில் 6 டிகிரி என்று போன் காட்டியது, கூடத்துத் தரையில் காலை வைத்தால் அதைவிடக் குறைவாகத் தோன்றியது. பத்து மணிக்கு முற்றத்தில் வெயில் வந்ததும் வீடே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறது.

தங்கை இருப்பது கடற்கரைப் பக்கம் அல்ல, நகரத்தின் மேற்கே. டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் என்று வரிசையாக ரயில் நிலையங்கள், எதில் இறங்கினாலும் தமிழ்க் குரல் கேட்கிறது. சாயங்காலம் பெண்டில் ஹில்லில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் கடைக்குப் போனோம். மட்டன் ரோல் ஒன்று மூன்றரை டாலர். மனசுக்குள் ரூபாயாக மாற்றக் கூடாது என்று தங்கை முதலிலேயே எச்சரித்திருந்தாள், நான் மாற்றினேன், சரி, அதோடு விடுவோம். கடைக்காரர் "கொஞ்சம் நில்லுங்கோ அண்ணை, இப்பதான் பொரியுது" என்று சொல்லிக் காத்திருக்க வைத்து, கூட ஒரு கடலை வடை போட்டுக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மருமகள் தன் பள்ளிப் பாடம் பற்றிச் சொன்னாள். இந்த நாட்டில் வெள்ளைக்காரர் கட்டி இன்னும் நிற்கும் வீடுகளில் மிகப் பழையது இங்கிருந்து நாலைந்து ஸ்டேஷன் தள்ளித்தான் இருக்கிறதாம். எனக்குப் பழைய வீடு என்றால் கொஞ்சம் பைத்தியம். பிறந்தது காரைக்குடிப் பக்கம், பெரிய வீடுகளைப் பிரித்துக் கதவு தனியாக, தூண் தனியாக, தட்டுமுட்டுச் சாமான் தனியாக விற்பதைப் பார்த்தே வளர்ந்தவன். எனவே ஓபரா ஹவுஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தங்கைக்குத்தான் வருத்தம். "இவ்வளவு தூரம் வந்து பாழடைஞ்ச வீடு பாக்கப் போறியா அண்ணே?"

ஆகஸ்ட் 8, வெள்ளி - ஹாரிஸ் பார்க்

மருமகளுக்குப் பள்ளிக்கூடம், தங்கைக்கு வேலை, எனவே தனியாகக் கிளம்பினேன். ரயிலில் நாம் கையில் வைத்திருக்கும் வங்கி அட்டையையே தட்டி ஏறலாம். ஹாரிஸ் பார்க்கில் இறங்கி விக்ராம் தெருவுக்குள் நுழைந்தால் பழைய ஓட்டு வீடுகளின் முன்வராந்தாவிலெல்லாம் மேசை போட்டு உணவகம் ஆக்கியிருக்கிறார்கள். வீடு வெள்ளைக்காரப் பாணி, வாசனை முழுக்க வெந்தயமும் நெய்யும். 'குட்டி இந்தியா' என்று அழைக்கிறார்கள், என்றாலும் பெரும்பாலும் வடக்கத்தியச் சாப்பாடுதான். ஒரு தென்னிந்தியக் கடையில் மசாலா தோசை பதினாறு டாலர். தோசை பரவாயில்லை, சாம்பாரில் வெல்லம். பக்கத்து மேசையில் ஒரு சீக்கியப் பெரியவர், நான் சாம்பாரைத் தள்ளி வைத்ததைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தன் ஊறுகாய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி சரியாக அமையவில்லை. ஊறுகாய் போதுமானதாக இருந்தது.

இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த ஹாரிஸ், ஜான் ஹாரிஸ் என்ற பட்டாளத்து மருத்துவர். அவருடைய வீடு தெருவுக்குப் பின்னால் பத்து நிமிட நடையில் இருக்கிறது. நான் போனபோது கதவு பூட்டியிருந்தது, வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. பார்த்த இடம் சாதாரணமானதல்ல. ஜேம்ஸ் ரூஸ் என்ற தண்டனைக் கைதிக்கு 1789இல் இங்கே நிலத்தைக் காட்டி, ஒரு குடும்பம் தானே விதைத்துத் தானே சாப்பிட்டுப் பிழைக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். கப்பலில் வந்த தானியம் தீர்ந்து, பிரிட்டன் தன் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய இந்தக் காலனியே பட்டினி கிடந்த காலம் அது. ரூஸ் பிழைத்துக் காட்டியதும் 30 ஏக்கரை அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1793இல் அவர் அதை 40 பவுண்டுக்கு ஹாரிஸிடம் விற்றுவிட்டார். நிலத்துக்கு இன்றைக்கும் 'சோதனைப் பண்ணை' என்றே பெயர். இப்போது நிற்கும் வீட்டை ஹாரிஸ் கட்டியது 1835 வாக்கில்.

ஹாரிஸைப் பற்றி எனக்குப் பிடித்த சங்கதி வேறு. 1803இல் அவர்மேல் ஒரு ராணுவ விசாரணை வந்தது. குற்றப்பத்திரிகையில் 'இந்த மாதம்' என்று எழுத வேண்டிய இடத்தில் யாரோ 'சென்ற மாதம்' என்று பொருள்படும் 'அல்டிமோ' என்ற சொல்லை எழுதிவிட்டார்கள். வழக்கு அந்த ஓட்டையிலேயே விழுந்தது. மனிதர் சும்மா இருக்கவில்லை, சிட்னியில் இருந்த தன் எஸ்டேட்டுக்கு அல்டிமோ என்றே பெயர் வைத்தார். இப்போதும் அது ஒரு பேட்டையின் பெயர். எஸ்டேட்டில் அவர் வளர்த்தது இந்தியாவிலிருந்து வந்த புள்ளிமான். ஆஸ்திரேலியாவில் முதலில் கொண்டுவந்து விட்ட மான் இனம் அதுதான். இன்றைக்கு அதன் வாரிசுகள் காட்டில் பெருகி, சுட்டுத் தள்ள வேண்டிய தொல்லையாகிவிட்டன. இங்கே நம் தோசைக்கு முன்பே நம் மான் வந்துவிட்டது.

சாயங்காலம் காற்று ஆரம்பித்தது. குல்ஃபி சாப்பிட வேண்டிய வானிலை இல்லை, சாப்பிட்டேன், இரவு முழுக்கத் தொண்டை கரகரப்பு.

ஆகஸ்ட் 9, சனி - எலிசபெத் ஃபார்ம்

இன்று மருமகள் கூட வந்தாள். தூறல். ஹாரிஸ் பார்க்கிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் ரோஸ்ஹில் என்ற குடியிருப்புப் பகுதி. சாதாரண வீடுகள், குப்பைத் தொட்டிகள், நிறுத்தி வைத்த டொயோட்டாக்கள், நடுவே திடீரென்று ஒரு வேலியும் பெரிய மரங்களும். உள்ளே போனால் தரையோடு தரையாகப் படர்ந்த ஒரு வீடு, மருமகள் சொன்ன அந்த மிகப் பழைய வீடு, எலிசபெத் ஃபார்ம். கூரை வராந்தாவுக்கு மேல் அப்படியே தாழ இறங்கி வருகிறது, வராந்தாவில் மெல்லிய தூண்கள். 1793இன் வீடு என்று யாரும் சொல்லாவிட்டால் ஊட்டியில் யாரோ எஸ்டேட் துரையின் பங்களா என்றே நினைத்திருப்பேன். அனுமதி இலவசம்.

வாசலில் இருந்த வயதான அம்மா ஒருவர் மழைக்கோட்டை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, முதலில் சொன்னது: "எதையும் தொடலாம், எங்கேயும் உட்காரலாம், இழுப்பறையைத் திறக்கலாம்." எனக்கு நம்பிக்கை வரவில்லை. அருங்காட்சியகம் என்றால் கயிறு கட்டி வைத்து 'தொடாதீர்' என்று பலகை மாட்டுவதுதானே உலக வழக்கம். மருமகள் போய் வரவேற்பறை நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்தே விட்டாள். அப்புறம்தான் அந்த அம்மா விளக்கினார்: சாமான்கள் பெரும்பாலும் நகல். அசல் வீட்டுச் சாமான்கள் எப்போதோ கைமாறிப் போய்விட்டன. வீடு மட்டும்தான் அசல்.

வீட்டின் கதை இதுதான். ஜான் மெக்கார்தர் நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவில் ஒரு லெப்டினன்ட். 1790இல் மனைவி எலிசபெத்தோடும் கைக்குழந்தையோடும் இரண்டாம் கப்பல் தொகுதியில் வந்தார். அந்தக் கப்பல்களில் ஏற்றிய கைதிகளில் நாலில் ஒருவர் வழியிலேயே செத்தார்கள். எலிசபெத்துக்குக் கப்பலில் பிறந்த பெண் குழந்தையும் பிழைக்கவில்லை. 1793 பிப்ரவரியில், கவர்னர் பதவியைத் தற்காலிகமாகக் கவனித்துக்கொண்டிருந்த மேஜர் கிரோஸ் மெக்கார்தருக்கு 100 ஏக்கர் எழுதிக் கொடுத்தார். முதலில் 50 ஏக்கரைத் திருத்திக் காட்டுபவருக்கு இன்னொரு 100 ஏக்கர் என்று ஒரு வாக்குறுதியும் இருந்தது, அதையும் மெக்கார்தரே வாங்கிக்கொண்டார். திருத்தியது கைதிகளின் கை. அவர்களை வேலைக்கு ஒதுக்குகிற அதிகாரத்தில் அவருக்கும் பங்கு இருந்தது.

அந்த வருடக் கடைசிக்குள் கட்டியதுதான் நான் நின்றுகொண்டிருந்த செங்கல் வீடு. முன்பக்கம் 68 அடி, அகலம் 18 அடி. அதாவது நம் ஊர் ரயில் பெட்டியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் அகலம். பின்னால் வந்த வராந்தாவும் 1820களில் பெரிதாக்கிய வரவேற்பறையும் அந்தப் பழைய பெட்டியை விழுங்கிவிட்டன. சுவரின் தடிமனைப் பார்த்தால்தான் எது முதலில் வந்தது என்று தெரிகிறது. ஒரு கதவுக்கும் இன்னொரு கதவுக்கும் நடுவே சுவர் கொஞ்சம் கோணி நிற்கிறது. நான் அதில் கையை வைத்து நெடுநேரம் நின்றேன். நகல் அலமாரியைத் தொட்டபோது வராத ஏதோ ஒன்று அங்கே வந்தது. சுண்ணாம்பு ஈரமாக, லேசாகப் பொரிந்து, விரலில் வெள்ளையாக ஒட்டியது.

மெக்கார்தரை இந்த நாட்டுக் கம்பளித் தொழிலின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. 1966இல் வந்த இரண்டு டாலர் நோட்டில் அவர் படம், பக்கத்தில் மெல்லிய கம்பளிக்குப் பெயர்போன மெரினோ இனத்து ஆடு ஒன்று. ஆனால் ஆள் எப்போது வீட்டில் இருந்தார் என்று கணக்குப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. 1801இல் தன் மேலதிகாரி கர்னல் பேட்டர்சனோடு துப்பாக்கிச் சண்டை போட்டு அவரைச் சுட்டுக் காயப்படுத்தினார். விசாரணைக்கு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மனிதர் அங்கே போயும் சும்மா இருக்கவில்லை, கம்பளி மாதிரிகளைக் காட்டி, காலனிகளுக்கான அமைச்சர் கேம்டன் பிரபுவைப் பிடித்து 5,000 ஏக்கர் வாங்கி, மன்னரின் மந்தையிலிருந்தே மெரினோக்களை ஏலத்தில் எடுத்து, 'ஆர்கோ' என்ற கப்பலில் 1805இல் திரும்பி வந்தார். மூன்றே வருடம். 1808 ஜனவரி 26 அன்று கவர்னர் பிளையைப் பட்டாளத்தார் கைது செய்து ஆட்சியைப் பிடித்தார்கள், ரம் கலகம் என்பது அதுதான். பின்னால் இருந்து தூண்டியவர்களில் முக்கியமானவர் நம் ஆள். உன் ஆடும் மாடும் எனக்கு எதற்கு என்கிற தொனியில் பிளை தன்னிடம் எரிந்து விழுந்ததாக மெக்கார்தரே பின்னால் சாட்சியம் சொல்லியிருக்கிறார். 1809இல் மறுபடி இங்கிலாந்து. இங்கே திரும்பினால் கைது என்ற நிலை, எனவே 1817 வரை அங்கேயே.

இத்தனை வருடமும் பண்ணையை நடத்தியது எலிசபெத். ஆடுகளைப் பிரித்து இனம் சேர்ப்பது, கம்பளியைக் கப்பலேற்றுவது, கைதித் தொழிலாளிகளை மேய்ப்பது, பிள்ளைகளை வளர்ப்பது, கணக்கு, கடிதம் எல்லாம். நோட்டில் படம் மட்டும் வேறொருவருக்கு. இதை மருமகள் ரொம்பக் கோபமாகச் சொன்னாள். நான் மறுக்கவில்லை, ஆனால் கம்பளிக்கு ஒரே ஒரு தாயும் தந்தையும் இருந்தார்கள் என்பதே சந்தேகம் என்றேன். மெக்கார்தர்களுக்கு முதலில் கிடைத்த மெரினோக்கள் 1797இல் வாட்டர்ஹவுஸ் என்ற கப்பல் தலைவர் தென்னாப்பிரிக்க முனையிலிருந்து கொண்டுவந்தவை. சாமுவேல் மார்ஸ்டன் என்ற பாதிரியாரும் அதே காலத்தில் ஆடு வளர்த்து ஆராய்ந்துகொண்டுதான் இருந்தார். "அப்ப பாதிரியார் படத்தையும் போட்டிருக்கணும்" என்றாள். பேசாமல் இருந்தேன்.

தோட்டத்தில் ஆலிவ் மரம் ஒன்று இருக்கிறது. 1805இல் மெக்கார்தர் கொண்டுவந்து நட்டது என்கிறார்கள். அடிமரம் முறுக்கிய கயிறு மாதிரி. மழையில் அதன் கீழே நின்றபோது வாசலில் பார்த்த அம்மா குடையோடு வந்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி, இந்த ஆற்றங்கரை தாரூக் என்ற பூர்வகுடி மக்களில் பரமட்டகல் குலத்தாருடையது என்று ஆரம்பித்தார். மெதுவாகப் பேசினார், ஆனால் எதையும் மழுப்பவில்லை. வீடு கட்டி நாலு வருடத்தில், 1797 மார்ச்சில், பெமுல்வுய் என்ற போராளி ஆட்களோடு பக்கத்து ஊரான பரமட்டாவுக்குள்ளேயே வந்து பட்டாளத்தோடு மோதினார். உடம்பில் குண்டுகளோடு பிடிபட்டு, மருத்துவமனையிலிருந்து கால் விலங்கோடு தப்பித்தார். 1802இல் சுட்டுக் கொன்று, தலையை வெட்டிச் சாராயத்தில் போட்டு இங்கிலாந்துக்கு, ஜோசப் பேங்க்ஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளருக்கு அனுப்பினார்கள். அவருடைய மகன் டெட்பரி இந்த வீட்டுக்கே வந்து போய்க்கொண்டிருந்தவர். மெக்கார்தரைப் பிளை பிடித்து வைத்தபோது ஈட்டியோடு சிட்னிக்குக் கிளம்பி வந்தார் என்று ஒரு குறிப்பு உண்டு. அப்பாவைக் கொன்றவர்களின் வகையறாவுக்கு ஆதரவாக மகன் ஈட்டி எடுக்கிறான். எந்தக் கணக்கில் இதைச் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாவும் புரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

மெக்கார்தரின் முடிவு நல்லதாக இல்லை. கடைசி வருடங்களில் புத்தி பேதலித்து, தனக்காக எட்டு வருடம் பண்ணையைக் காத்த மனைவியின் நடத்தையையே சந்தேகப்பட்டார். எலிசபெத் வீட்டை விட்டு வேறு இடத்தில் போய் இருக்க வேண்டி வந்தது. 1834இல் மெக்கார்தர் கேம்டனில், அந்த 5,000 ஏக்கர் இருந்த இடத்தில், இறந்தார். எலிசபெத் 1850 வரை இருந்தார். 1881இல் குடும்பம் வீட்டை விற்றுவிட்டது. அப்புறம் நிலத்தைக் கூறு போட்டுப் பிளாட் போட்டார்கள், வழியில் பார்த்த டொயோட்டா வீடுகளெல்லாம் அந்தக் கூறுகள்தான். சிதைந்து கிடந்த வீட்டை 1904இல் ஸ்வான் என்ற குடும்பம் வாங்கியது. அந்த வீட்டுப் பெண்கள் 1968 வரை அங்கே வாழ்ந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் எப்போதோ இடித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. மெக்கார்தர் வாழ்ந்ததைவிட ஸ்வான் சகோதரிகள் அதிக வருடம் வாழ்ந்த வீடு இது. ஆனால் அறைகளில் எங்கும் மெக்கார்தர் காலத்து மெழுகுவர்த்திதான், ஸ்வான்களின் தையல் மிஷின் இல்லை. எனக்கு அது குறையாகப் பட்டது.

திரும்பும்போது ஒரு பேக்கரியில் 'மீட் பை', மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது. ஏழரை டாலர், தக்காளி சாஸுக்குத் தனியாக ஐம்பது சென்ட். சாஸுக்குக் காசு வாங்குகிற நாட்டை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு - ரௌஸ் ஹில்

ரௌஸ் ஹில்லில் இருக்கும் இன்னொரு பழைய வீட்டுக்கு மாப்பிள்ளை காரில் கூட்டிப்போவதாக இருந்தது. காலை ஐந்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து அவரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சரி, ரயில் என்று ஸ்டேஷனுக்குப் போனால் தண்டவாள வேலை, வார இறுதி முழுக்க ரயிலுக்குப் பதில் பேருந்து. அந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்று எழுதியிருந்த இடத்தில் நிற்கவில்லை. மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் தெருவின் அந்தப் பக்கம் கையைக் காட்டினார், அங்கே நின்றவர் இந்தப் பக்கம் கையைக் காட்டினார். நாற்பது நிமிடம் குளிரில். வரிசையில் இருந்த ஒருவர் கூடக் கத்தவில்லை. பேருந்து வந்ததும் ஏறினவர்கள், இறங்கும்போது ஒவ்வொருவராக ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். எனக்கு அந்த நேரத்தில் நன்றி வரவில்லை. மருமகள் இடித்த பிறகு வந்தது.

பரமட்டாவில் இறங்கி இன்னொரு பேருந்து பிடித்து ரௌஸ் ஹில். அங்கிருந்து நடை. நடைபாதையில் தலையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று வட்டமடித்து மறுபடியும் வருகிறது. மேக்பை. முட்டையிடும் பருவம் தொடங்கிவிட்டால் கூட்டுப் பக்கம் போகிற யாரையும் விடாதாம். "மாமா, ஓடாதீங்க, அது கண்ணப் பாருங்க" என்று மருமகள் கத்துகிறாள். ஓடினேன். எதிரே சைக்கிளில் வந்தவர் தலைக்கவசம் முழுக்கப் பிளாஸ்டிக் கட்டுக் கம்பிகளை முள்ளம்பன்றி போலக் குத்தி வைத்திருந்தார், அதுதான் இங்கே வைத்தியமாம். காதுக்குப் பின்னால் சின்னக் கீறல், வேறொன்றுமில்லை.

ரௌஸ் ஹில் வீடு குன்றின் மேல் இரண்டு மாடியாக, மணற்கல்லில், விறைப்பாக நிற்கிறது. எலிசபெத் ஃபார்மின் தாழ்ந்த கூரைக்கு நேர் எதிர். ரிச்சர்ட் ரௌஸ் 1801இல் தன் விருப்பத்தில் குடியேற வந்தவர், பரமட்டாவில் அரசுக் கட்டட வேலைகளுக்கு மேற்பார்வையாளர். 1813இல் ஆரம்பித்து, கைதிகளை வைத்துச் சில வருடங்களில் கட்டி முடித்தார். அந்தக் குன்றுக்கு அதற்கு முன்பே வேறு கதை இருந்தது. 1804 மார்ச் 5 அன்று, காசில் ஹில் பண்ணையிலிருந்து தப்பிய ஐரிஷ் கைதிகள் இந்தப் பக்கத்தில்தான் பட்டாளத்திடம் தோற்றார்கள். வினிகர் ஹில் சண்டை என்று பெயர், அயர்லாந்தில் 1798இல் தோற்ற களத்தின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். தலைவன் பிலிப் கன்னிங்ஹாமை விசாரணை இல்லாமல் தூக்கில் போட்டார்கள். பட்டாளத்தை நடத்தி வந்தவர் ஜார்ஜ் ஜான்ஸ்டன். நாலு வருடம் கழித்து அதே ஜான்ஸ்டன்தான் கவர்னர் பிளையைக் கைது செய்யப் போனவர். கைதி கலகம் செய்தால் தூக்கு, அதிகாரி கலகம் செய்தால் லண்டனில் விசாரணை நடத்திப் பதவியைப் பறித்து அனுப்பிவிட்டார்கள். ஜான்ஸ்டன் இங்கேயே திரும்பி வந்து தன் பண்ணையில் நிம்மதியாகக் காலம் தள்ளினார்.

வீட்டுக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும். பையை முதுகிலிருந்து எடுத்து முன்னால் மாட்டச் சொன்னார். சுவரில் சாயாதீர்கள், கதவை நீங்கள் திறக்காதீர்கள், மேசை ஓரத்தில் கை வேண்டாம். நேற்று அங்கே கால் நீட்டி உட்கார்ந்தவளுக்கு இன்று மூச்சு விடக்கூடப் பயம். காரணம், இங்கே எல்லாமே அசல். ஆறு தலைமுறை ஒரே குடும்பம் இருந்த வீடு. 1978இல் அரசு எடுத்துக்கொண்டது. அப்படியும் குடும்பத்தில் ஒருவர் 1990கள் வரை அங்கேயே குடியிருந்தார்.

உள்ளே போனதும் முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது, பழைய கம்பளம், எலி, புத்தகம், எண்ணெய் எல்லாம் கலந்த வாடை. ஒரு சுவரில் வால்பேப்பர் உரிந்து நாக்கு மாதிரித் தொங்குகிறது. அதற்கு அடியில் இன்னொரு பூப்போட்ட தாள், அதற்கும் அடியில் வேறு நிறம். யாரும் ஒட்டிச் சரிசெய்யவில்லை. சரிசெய்யக் கூடாது என்பதுதான் இங்கே கொள்கை, மேலே சிதையாமல் பார்த்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விக்டோரியா காலத்து நாற்காலிக்குப் பக்கத்திலேயே எங்கள் அப்பா காலத்து ரேடியோ மாதிரி ஒன்று, அதன்மேல் சாதாரண பிளாஸ்டிக் பொருள். கண்ணாடி அலமாரியில் ஒரு கிண்ணத்தின் உடைந்த காது தனியாக, ஒட்டலாம் என்று யாரோ எடுத்து வைத்த கோலத்தில்.

ஏன் இப்படி எல்லாமே தங்கியது என்று கேட்டேன். வழிகாட்டி சிரித்துவிட்டு, பணம் போய்விட்டது என்றார். 1920களில் குடும்பம் நொடித்தது. புதிது வாங்கப் பணமில்லை, பழையதை எறிய மனமில்லை. பணம் இருந்திருந்தால் வால்பேப்பரை மாற்றியிருப்பார்கள், சமையலறையை இடித்திருப்பார்கள். இதைக் கேட்டதும் எனக்குக் காரைக்குடி நினைவு வந்தது. அங்கே நொடித்துப் போனவர்கள்தான் முதலில் கதவைப் பெயர்த்து விற்றார்கள். இங்கே நொடித்தவர்கள் ஏன் விற்கவில்லை என்றால், வாங்க ஆளில்லாத காலத்தில் நொடித்தார்கள், வாங்க ஆள் வந்த காலத்தில் அரசு வந்துவிட்டது. மற்றபடி மனுஷ குணத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

வெளியே 1876இல் ஹோர்பரி ஹன்ட் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய குதிரை லாயம் இருக்கிறது. வீட்டைவிட அழகு, உண்மையைச் சொன்னால். குதிரைக்கு அவ்வளவு நல்ல செங்கல் வேலை. லாயத்து வாசலில் நின்று பார்த்தால் தூரத்தில் மெட்ரோ பாலமும் புது அடுக்குமாடிகளும். வழிகாட்டி அதைக் காட்டி எதுவும் சொல்லவில்லை, கை மட்டும் வீசினார். தண்ணீர் பாட்டில் வாங்க அக்கம்பக்கத்தில் கடை இல்லை, அதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கைவீச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு இரண்டில் எது பிடித்தது என்று வழி நெடுகக் கேட்டாள் மருமகள். ரௌஸ் ஹில் என்றேன், அதன் வாடைக்காகவும் அந்த உடைந்த காதுக்காகவும். அவள் எலிசபெத் ஃபார்ம் கட்சி. "தொட விடாத வீடு எனக்கெதுக்கு?" தங்கை கதவைத் திறந்ததும் என் காதைப் பார்த்து, "பாழடைஞ்ச வீட்டுல என்ன கடிச்சுது?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள் - பெண்டில் ஹில்

விடாத மழை. கேம்டன் போகிற திட்டம் கைவிடப்பட்டது. அங்கே மெக்கார்தர் குடும்பம் 1830களில் கட்டிய கேம்டன் பார்க் வீட்டில் அவர்கள் வாரிசுகளே இன்னும் குடியிருக்கிறார்கள். வருடத்தில் ஒருமுறை, செப்டம்பரில் ஒரு வார இறுதியில் மட்டும், வெளியாட்களை உள்ளே விடுவார்களாம். எனக்கு 14ஆம் தேதி விமானம்.

மதியம் மழை குறைந்த நேரத்தில் பரமட்டா பூங்காவில் பழைய கவர்னர் மாளிகையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தோம். அதைப் பெரிதாக்கியவர் கவர்னர் மக்குவாரி. இங்கே வருவதற்கு முன் 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தவர். எங்கே போனாலும் ஒரே ஆட்கள்தான் வேறு வேறு தொப்பியில் வருகிறார்கள்.

இரவு மறுபடி அதே யாழ்ப்பாணத்துக் கடை. கொத்து ரொட்டி பதினெட்டு டாலர், இரண்டு பேர் சாப்பிடலாம். கடைக்காரர் காதுப் பிளாஸ்திரியைப் பார்த்ததும் "மேக்பையோ அண்ணை?" என்று சரியாகக் கேட்டார். அவருக்கும் வந்த புதிதில் அடி விழுந்திருக்கிறது.

செப்டம்பரில் கேம்டன் பக்கம் யாராவது போனால் எழுதுங்கள். மெனாங்கிளில் எலிசபெத் பெயரிலேயே ஒரு அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பழைய கேம்டன் பார்க் மெரினோ மந்தையை வேறு இரத்தம் கலக்காமல் அங்கே வைத்திருக்கிறார்கள். ஆடுகளைப் பார்க்க விடுகிறார்களா, படம் எடுக்க விடுகிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.